ஸ்டெல்லரேட்டர் காயில்கள் ஏன் இப்படி நெளிந்து நிற்கின்றன?

2025 ஜூன் மாதம் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே இருக்கும் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற அணுக்கரு இணைவு ஆய்வு இயந்திரம் (ஸ்டெல்லரேட்டர் என்ற வகையைச் சேர்ந்தது), நீண்ட நேரம் ஓடும் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் கொண்ட, கடும் சூடான வாயுவில்) அதுவரை எட்டப்படாத ஒரு தரத்தை 43 விநாடிகள் தக்கவைத்தது என்பதுதான் செய்தி. கூடவே வந்த படத்தைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம். கம்பிச் சுருள் என்றால் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும் என்றுதானே பார்த்துப் பழகியிருக்கிறோம்? மோட்டாருக்குள், டிரான்ஸ்பார்மருக்குள், ஸ்பீக்கருக்குள் எல்லாம் அப்படித்தான். இங்கேயோ ஒவ்வொரு காயிலும் வெயிலில் இளகிப்போன பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஒரு பக்கம் உள்வாங்கி, இன்னொரு பக்கம் புடைத்து, போதாததற்குப் பக்கவாட்டிலும் வளைந்து நிற்கிறது.

அந்த நெளிவுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஸ்டெல்லரேட்டர் என்ற வழி மின்சாரம் தருமா தராதா என்பது பிளாஸ்மாவைவிட இந்தக் காயில்களின் கையில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## காந்தத்தால் ஏன் பிடிக்க வேண்டும்

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் போதிய வேகத்தில் இணைய வேண்டுமானால் சுமார் 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். மிஞ்சுவது மின்னேற்றம் கொண்ட துகள்களின் கூட்டம், அதுதான் பிளாஸ்மா. அது சுவரைத் தொட்டால் சுவர் கெடுவது ஒருபுறம் இருக்க, பிளாஸ்மாவே சட்டென்று குளிர்ந்து அணைந்துவிடும்.

மின்னேற்றம் உள்ள துகளுக்கு ஒரு குணம் உண்டு. காந்த விசைக் கோட்டுக்குக் குறுக்கே அது லேசில் போகாது. கோட்டைச் சுற்றிச் சுற்றி, கோட்டின் போக்கிலேயே வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால் காந்தப்புலத்தையே பாத்திரமாக வைத்துக்கொள்ளலாம். நேரான குழாய் மாதிரிப் புலம் அமைத்தால் இரண்டு முனையிலும் ஒழுகிவிடும். சரி, முனையே இல்லாமல் செய்துவிடுவோம் என்று குழாயை வளைத்து மெதுவடை வடிவமாக்கினால்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

## வட்டக் காயில்கள் ஏன் போதாது

1. வடையின் உடம்பைச் சுற்றி வட்டக் காயில்களை மாட்டினால், ஓட்டைப் பக்கம் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், வெளிப்பக்கம் விலகி நிற்கும். ஆகவே உள்ளே புலம் வலுவாகவும் வெளியே வலுக்குறைந்தும் இருக்கும்.

2. புலம் இப்படி ஏற்றத்தாழ்வாக இருந்தால் துகள் போடும் சின்ன வட்டம் சரியாக மூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நகரும். நேர்மின் துகள்கள் மேலே நகர்ந்தால் எலக்ட்ரான்கள் கீழே நகரும்.

3. மேலே நேர்மின், கீழே எதிர்மின் என்று பிரிந்ததும் நடுவில் ஒரு மின்புலம் எழும். அதுவும் காந்தப்புலமும் சேர்ந்து மொத்தப் பிளாஸ்மாவையும் வெளிச்சுவரை நோக்கித் தள்ளிவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

4. தீர்வு, விசைக் கோடுகளை முறுக்குவது. கயிற்றின் புரிகள் போலக் கோடுகள் வடையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போனால், அதில் ஓடும் துகள் ஒரு நேரம் மேல்பாதியிலும் ஒரு நேரம் கீழ்பாதியிலும் இருக்கும். மேல்பாதியில் இருக்கும்போது மேலே நகர்ந்தால் அது மையத்தை விட்டு விலகுகிறது. கீழ்பாதியில் இருக்கும்போது அதே நகர்வு அதை மையத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. வரவும் செலவும் சரியாகிவிடும்.

## முறுக்கு எங்கிருந்து வரும்

பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்தி முறுக்கை உண்டாக்குவது ஒரு வழி. அதுதான் டோகமாக். பிரான்சில் கட்டப்பட்டுவரும், இந்தியாவும் பங்காளியாக இருக்கும் ஈட்டர் இந்த வகை. காயில்கள் எளிமையானவை, ஆனால் அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓடவிடுவது கஷ்டம். அது திடீரென்று அறுந்தால் சில மில்லி விநாடிகளில் அத்தனை ஆற்றலும் சுவரில் போய் இறங்கும்.

இன்னொரு வழி, உள்ளே மின்னோட்டத்தை நம்பாமல் வெளியே இருக்கும் காயில்களின் வடிவத்தாலேயே கோடுகளை முறுக்குவது. இதுதான் ஸ்டெல்லரேட்டர். 1951 மார்ச்சில் அர்ஜென்டினா அதிபர் பெரோன் தங்கள் நாட்டில் இணைவு ஆற்றல் கைகூடிவிட்டதாக அறிவித்தார் (பிறகு அது பொய் என்று தெரிந்தது). அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அமெரிக்காவின் ஆஸ்பெனுக்குப் பனிச்சறுக்கப் போன பிரின்ஸ்டன் வானியற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர், அங்கேயே இதை யோசித்துப் பிடித்தார். வடையை எட்டு என்ற எண் போல மடக்கிவிட்டால் முறுக்கு தானாக வந்துவிடும் என்பதுதான் அவருடைய முதல் வடிவம். நட்சத்திரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார்.

ஆனால் பழைய ஸ்டெல்லரேட்டர்கள் நிறைய ஒழுகின. 1968-இல் சோவியத் டோகமாக்கான டி-3 மிக நல்ல முடிவுகளைக் காட்ட, 1969-இல் பிரிட்டிஷ் குழு ஒன்று லேசர் கருவியோடு மாஸ்கோ போய் அளந்து உறுதிசெய்ய, பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் ஸ்டெல்லரேட்டரையே டோகமாக்காக மாற்றிவிட்டார்கள்.

ஒழுகியதற்குக் காரணம் இதுதான். டோகமாக்கை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அந்தச் சமச்சீர்மையே துகளைக் கட்டிப்போடுகிறது. ஸ்டெல்லரேட்டரில் அது இல்லாததால், புலத்தின் மேடுபள்ளங்களுக்கு இடையே மாட்டிக்கொள்ளும் துகள்கள் மெல்ல வெளியே நகர்ந்துவிடும். 1980-களில் ஆலன் பூஸர், யூர்கன் நூரன்பெர்க் போன்றவர்கள் ஒரு வழி கண்டார்கள். இயந்திரத்தின் வடிவம் சமச்சீராக இருக்க வேண்டியதில்லை. புலத்தின் வலிமை மட்டும் துகளின் பார்வையில் சமச்சீர் போலத் தெரிந்தால் போதும், அல்லது நகர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி அது அமைந்தால் போதும். ஆனால் அதற்குப் பிளாஸ்மா ஒரு குறிப்பிட்ட, விசித்திரமான முறுக்கு வடிவத்தில் இருந்தாக வேண்டும். அந்த வடிவத்தைத் தரவேண்டிய பொறுப்பு காயில்களின் தலையில் விழுந்தது.

## எத்தனை ஆம்பியர் வேண்டும்: ஒரு சின்னக் கணக்கு

பெரிய இயந்திரம் என்றால் கணக்கும் பெரிதாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். வடையைச் சுற்றிப் போகும் புலத்துக்குத் தேவையான மொத்த மின்னோட்டம்:

50 லட்சம் × வடையின் ஆரம் (ஓட்டையின் மையத்திலிருந்து வடை உடம்பின் நடுவரை, மீட்டரில்) × புலம் (டெஸ்லாவில்)

வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸின் ஆரம் 5.5 மீட்டர். புலம் 2.5 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 6 கோடியே 87 லட்சம் ஆம்பியர் சொச்சம். அங்கே இருக்கும் நெளிந்த காயில்கள் 50. ஆக ஒரு காயிலுக்குக் கிட்டத்தட்ட 13 லட்சத்து 75 ஆயிரம். ஒரு காயிலில் 108 சுற்றுகள், எனவே கம்பியில் ஓடுவது சுமார் 12,700 ஆம்பியர். சாதாரணமாக வீட்டு பிளக் பாயின்ட்டில் ஓடுவது 5, பெரிய பாயின்ட் என்றால் 15.

இவ்வளவு மின்னோட்டம் செம்புக் கம்பியில் நிமிடக்கணக்கில் ஓடினால் அதைக் குளிர்விப்பதற்கே உயிர் போய்விடும். அதனால் நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்தியை (கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) எடுத்து, திரவ ஹீலியத்தால் மைனஸ் 270 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறார்கள்.

புலத்துக்கு அழுத்தமும் உண்டு. 3 டெஸ்லா என்றால் காற்றழுத்தத்தைப் போல் 35 மடங்கு, கார் டயருக்குள் இருப்பதைப் போல் சுமார் 15 மடங்கு. வட்டக் காயிலாக இருந்தால் இந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக வெளியே தள்ளும், காயில் அதைத் தாங்கிக்கொள்ளும். நெளிந்த காயிலில் ஒரு இடத்தில் வெளியேயும் இன்னொரு இடத்தில் பக்கவாட்டிலும் விசை விழுவதால் காயிலே நிமிரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் தடித்த எஃகு உறைகளும் நடுவே பெரிய தாங்கு வளையமும்.

## தலைகீழ்க் கணக்கு

கம்பி இப்படி இருக்கிறது, மின்னோட்டம் இவ்வளவு, புலம் என்ன என்று கேட்டால் கல்லூரி மாணவரும் போட்டுவிடுவார். ஸ்டெல்லரேட்டரில் கேள்வி தலைகீழ். எனக்கு வேண்டிய புலம் இது, கம்பி எப்படி இருக்க வேண்டும்?

நடைமுறையில் முதலில் பிளாஸ்மாவின் வெளி மேற்பரப்பு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள். பிறகு, விசைக் கோடுகள் எதுவும் அந்த மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை வைத்துக் காயிலைத் தேடுவார்கள். இதற்குப் பிரபலமான வழிகள் மூன்று.

1. நெஸ்காயில் (1987, பீட்டர் மெர்க்கல்). பிளாஸ்மாவைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி ஒரு கற்பனை உறையைப் போர்த்தி, அந்த உறை முழுக்க மின்னோட்டம் பரவி ஓடுவதாக வைத்துக்கொள்கிறோம். வேண்டிய புலம் கிடைக்க அந்த ஓட்டம் எப்படிப் பரவ வேண்டும் என்பது எளிய கணக்காகிவிடும். விடை ஒரு மலைப்பகுதியின் வரைபடம் போல, சம உயரக் கோடுகளோடு வரும். அந்தக் கோடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவைதான் காயில்கள்! வெண்டெல்ஸ்டைன் காயில்கள் இந்த வழியில் பிறந்தவை.

2. ரெக்காயில் (2017, மேட் லேண்ட்ரமன்). முதல் முறையில் புலத்தின் பிழையை மட்டும் குறைக்கச் சொன்னால், கணினி கோடுகளைக் கண்டபடி நெருக்கி நெளித்துவிடும். இங்கே பிழையோடு மின்னோட்ட நெருக்கத்துக்கும் சேர்த்து அபராதம் போடுகிறார்கள். பிழை துளி கூடும், காயில் வெகுவாகச் சீராகும்.

3. ஃபோகஸ் (2018, சாவோஷியாங் ஜூ). உறையே வேண்டாம், ஒவ்வொரு காயிலையும் வெளியில் மிதக்கும் ஒரு வளைகோடாக வைத்து, நீளம், வளைவு, காயிலுக்கும் காயிலுக்கும் இடைவெளி, பிளாஸ்மாவிலிருந்து தூரம் என எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுத் திருத்திக்கொண்டே போவது.

மூன்றிலும் ஒரே பாடுதான். புலம் கச்சிதமாக வேண்டும் என்றால் காயில் கோணலாகிறது, காயில் எளிமையாக வேண்டும் என்றால் புலம் கொஞ்சம் கெடுகிறது. இப்போது பிளாஸ்மா வடிவத்தையும் காயிலையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே தேடும் போக்கு வந்திருக்கிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கட்டவே முடியாத காயில் கேட்கும் பிளாஸ்மா எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

## எல்லாவற்றுக்கும் மூலம் தூரம்

கோணல் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது.

கல்யாண மண்டபத்துப் பாட்டுக் கச்சேரியை இரண்டு தெரு தள்ளி நின்று கேட்டால் டிரம்ஸ் அடி வரும், பாட்டின் வரி பிடிபடாது. காந்தப்புலமும் ஏறக்குறைய அப்படித்தான். காயிலின் நெளிவுகளில் நீளமானவை தூரம்வரை போய்ச் சேரும், நுணுக்கமானவை வழியிலேயே செத்துவிடும். எவ்வளவு வேகமாகச் சாகும் என்று பாருங்கள். காயில்களிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பிளாஸ்மா இருப்பதாக வைத்துக்கொண்டால்:

1. 2 மீட்டருக்கு ஒருமுறை திரும்பிவரும் நெளிவு, போய்ச் சேரும்போது 23-இல் ஒரு பங்கு ஆகியிருக்கும்.
2. 1 மீட்டருக்கு ஒருமுறை வரும் நெளிவு, 535-இல் ஒரு பங்கு.
3. அரை மீட்டருக்கு ஒருமுறை வரும் நெளிவு, ஏறக்குறைய 2 லட்சத்து 87 ஆயிரத்தில் ஒரு பங்கு.

(தட்டையான பரப்புக்கான கணக்கு இது. வளைந்த வடிவத்தில் எண் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.)

இதைத் திருப்பிப் படித்தால் காயிலின் கதை புரியும். பிளாஸ்மாவின் ஓரத்தில் 1 மீட்டர் அளவில் ஒரு சின்ன வளைவு வேண்டும் என்றால், 1 மீட்டர் தள்ளி நிற்கும் காயில் அதை 535 மடங்கு மிகைப்படுத்தி உண்டாக்க வேண்டும். காயிலைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் 23 மடங்கு போதும். காயில்கள் இவ்வளவு துடித்து நெளிந்திருப்பது இதனால்தான்: தூரத்திலிருந்து நுணுக்கமான வேலை செய்யச் சொல்லியிருக்கிறோம்.

சரி, பக்கத்திலேயே வைத்துவிடலாமே? ஆய்வு இயந்திரத்தில் வைக்கலாம், மின்நிலையத்தில் முடியாது. டியூட்டீரியம்-டிரிட்டியம் இணைவில் கிடைக்கும் ஆற்றலில் 80 விழுக்காட்டை நியூட்ரான்கள் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும். அவற்றை நிறுத்தி வெப்பமாக்கவும், லித்தியத்தோடு மோதவிட்டு அடுத்த வேளைக்கான டிரிட்டியத்தை விளைவிக்கவும், மீக்கடத்தியை அடிபடாமல் காக்கவும் நடுவே ஒரு தடித்த போர்வை வேண்டும். 1 மீட்டர், அல்லது அதற்கும் மேல். இந்த 1 மீட்டர் எல்லா வடிவமைப்புக்கும் முன்னால் வந்து நிற்கும் சுவர்.

தப்பிக்க ஒரு வழி எல்லாவற்றையும் பெரிதாக்குவது. வெண்டெல்ஸ்டைன் வழியில் வந்த ஹீலியாஸ் மின்நிலைய வடிவமைப்பில் ஆரம் 22 மீட்டர், இப்போதைய இயந்திரத்தைப் போல் 4 மடங்கு. இன்னொரு வழி, தூரத்துக் காயிலாலும் தரக்கூடிய புலத்தை மட்டும் தேடுவது. ஒரு புலம் எவ்வளவு தூரத்துக்குள் கணிசமாக மாறுகிறது என்று அளந்தால், அதற்கான காயில்களை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று முன்கூட்டியே நன்றாக ஊகிக்க முடிகிறது. அண்மைக்கால ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஏனென்றால் காயிலை வரையாமலேயே ஒரு யோசனை தேறுமா தேறாதா என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம்.

## பட்டறையில்

மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே அச்சில் சுற்றுவார்கள், விறைப்பாக இருப்பதால் கம்பி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டெல்லரேட்டர் காயிலில் உள்வாங்கிய குழிகள் இருக்கின்றன. அங்கே கம்பியை இழுத்தால் அது குழியில் உட்காராது, குறுக்கே பாலம் போல நேராக நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றையும் குழிக்குள் அழுத்தி, கிடுக்கி போட்டுப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததற்குப் போக முடியும். அதுவும் 108 முறை, 3.5 மீட்டர் உயரமான ஒரு உருவத்தின் மேல்.

கம்பியும் சாதாரணக் கம்பி இல்லை. 243 மெல்லிய மீக்கடத்தி இழைகளைத் திரித்து, அலுமினியக் கலவை உறைக்குள் வைத்து, இழைகளின் இடுக்குகளில் ஹீலியம் ஓடும்படி செய்தது. அந்த உறையைச் சுற்றும்போது மென்மையாக இருக்கும்படியும், சுற்றி முடித்துச் சூடாக்கினால் இறுகும்படியும் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது பலரும் பேசும் உயர்வெப்ப மீக்கடத்தி (அவ்வளவு கடுங்குளிர் தேவைப்படாத வகை) பட்டையான நாடா வடிவில் வருகிறது. நாடாவைத் தட்டைப் பக்கமாக எளிதில் வளைக்கலாம், ஓரப் பக்கமாக வளைத்தால் கெட்டுவிடும். அதனால் காயிலின் ஒவ்வொரு புள்ளியிலும் நாடா எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

நல்லவேளையாக 50 காயிலும் 50 வடிவம் இல்லை. இயந்திரம் ஒன்றுபோன்ற 5 பகுதிகளால் ஆனது, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பினால் மறுபாதி கிடைக்கும். ஆகவே 5 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 10. இவை போக, புலத்தை மாற்றிப் பார்ப்பதற்காக 20 தட்டைக் காயில்களும் உண்டு.

## மில்லிமீட்டர் கணக்கு

காயில் கொஞ்சம் இடம் மாறினால் என்ன ஆகும்? விசைக் கோடுகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக அமைய வேண்டும். சின்னப் பிழைகூட, சில அடுக்குகளில் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் வந்து சேர்ந்து அடுக்கைக் கிழித்துத் தீவுகளாக்கிவிடும். அந்த வழியாக வெப்பம் கசியும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் என்.சி.எஸ்.எக்ஸ் என்று ஒரு ஸ்டெல்லரேட்டர் கட்டினார்கள். 18 நெளிந்த காயில்கள், அனுமதித்த பிசகு 1.5 மில்லிமீட்டர். அந்தத் துல்லியத்தைப் பிடிக்கப் போய்ச் செலவும் காலமும் ஏறிக்கொண்டே போக, 2008 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை திட்டத்தையே நிறுத்திவிட்டது. இயற்பியலில் யாரும் குறை சொல்லவில்லை. காயில்களைச் செய்து சேர்ப்பதுதான் தாங்கமுடியாததாக ஆனது. ஒவ்வொரு முறை ஒரு புதிய நிறுவனம் அழகான காயில் படத்தை வெளியிடும்போதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கிரைஃப்ஸ்வால்டில் துல்லியத்தைச் சோதித்த விதம் அருமையானது. 2015-இல், பிளாஸ்மா எதையும் உண்டாக்கும் முன்பே, வெற்றிடத்துக்குள் ஒரு மெல்லிய எலக்ட்ரான் கற்றையை விட்டார்கள். அது விசைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைப் பல முறை சுற்றிவரும். வழியில், ஒளிரும் பூச்சு பூசிய ஒரு கோலை மெதுவாக வீசினார்கள். எலக்ட்ரான் படும் இடமெல்லாம் ஒரு புள்ளி மின்னும். கேமரா அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பிடித்தபோது, அடுக்குகளும் கணக்கில் சொன்ன தீவுகளும் இருக்கவேண்டிய இடத்தில் படமாக விழுந்தன. பிழை ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. 100 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவு அது.

## இப்போது எங்கே நிற்கிறது

வழிகள் பலவாகப் பிரிந்திருக்கின்றன. 2023-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்த பிராக்சிமா ஃப்யூஷன், நெளிந்த காயில்களை உயர்வெப்ப மீக்கடத்தியால் செய்யும் வழியில் போகிறது. அமெரிக்காவின் தேயா எனர்ஜி நெளிவே வேண்டாம் என்று, சில பெரிய தட்டைக் காயில்களோடு ஏராளமான சின்னத் தட்டைக் காயில்களை வைத்து, ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் தனித்தனியாக மாற்றிப் புலத்தைச் செதுக்கப் பார்க்கிறது. பிரின்ஸ்டனில் மியூஸ் என்ற சின்ன இயந்திரத்தில், முப்பரிமாண அச்சு முறையில் (3டி பிரின்டிங்) செய்த ஓட்டில் ஏறத்தாழ 10,000 நிலைக்காந்தங்களைப் பதித்து முறுக்கை உண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் நிலைக்காந்தத்தின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு, பெரிய மின்நிலையத்துக்கு அது மட்டும் போதாது.

தட்டைக் காயிலுக்கு வேறொரு லாபமும் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. உள்ளே இருக்கும் போர்வையை நியூட்ரான்கள் அரித்துக்கொண்டே இருக்கும், எனவே சில வருடங்களுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்துப் புதியது வைக்க வேண்டும். நெளிந்த காயில்கள் பின்னிக்கொண்டு நிற்கும்போது இடையில் உள்ள சந்து சின்னதாகவும் கோணலாகவும் இருக்கும், டன் கணக்கில் எடையுள்ள கதிரியக்கத் துண்டுகளை ரோபோக் கைகள் அதன் வழியாகத்தான் திருப்பித் திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். காயிலைக் கொஞ்சம் நிமிர்த்தினால் அந்தச் சந்து அகலும். வடிவமைப்புக் கணினிகளில் இப்போது புலப் பிழை, நீளம், வளைவு இவற்றோடு இந்தச் சந்தின் அகலத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.